முப்பதாம் நாளும் அறுபதாம் நாளும்: ஐப்பசி மழையில் ஒரு முதல் குழந்தை

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களில் ஐப்பசி பிறந்துவிட்டால் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. காலையில் பளிச்சென்று இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் கறுத்துவிடும். செம்பனைக் காட்டின் மேல் மழை இரைந்துகொண்டு வருவது வீட்டுக்குள் இருக்கும்போதே கேட்கும். கொடியில் கிடப்பதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும்.

வீட்டில் முதல் குழந்தை பிறந்து இரண்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்றால் அந்த ஓட்டம் இன்னும் கூடும். பெம்பர்ஸ் விற்கும் விலைக்கு, இரவில் மட்டும் அது, பகலில் பழைய வேட்டித் துணி என்று பாட்டி சொல்லியிருப்பார். இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுத்த தகப்பன் பாதித் தூக்கத்தில் எழுந்து, கொடியில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு துணிகளைக் காப்பாற்றி ஹாலுக்குள் கொண்டுவருவார். அங்கே ஏற்கெனவே நாற்காலி முதுகிலும் மின்விசிறிக்குக் கீழேயும் நேற்றுத் துவைத்தவை ஈரம் போகாமல் தொங்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஸ்ப்ரிங் மாட்டிய சாரோங் தொட்டில். அதற்குள் இத்தனைக்கும் காரணமானவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அதன் இடத்தில் மேற்குக் கரைக்கு இருப்பது இந்த அக்டோபர், நவம்பர் மழைதான். பருவக்காற்று திசை மாறும் காலம் இது. கிழக்குக் கரையில் நாள் கணக்கில் கொட்டுவதுபோல் இங்கே கொட்டாது. பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வந்து, ஒன்றிரண்டு மணி நேரம் பெய்து, கால்வாயை நிரப்பிவிட்டுப் போய்விடும். தீபாவளியும் இந்த மாதங்களில்தான் வருகிறது. பள்ளி விடுமுறை, கல்யாண வீடுகள், ஆண்டு இறுதிக் கணக்கு என்று வரிசையாக வேலைகள் நிற்கும். இந்த நெருக்கடிக்குள் ஒரு சிசு வந்து சேர்ந்தால் வீட்டின் கடிகாரமே மாறிவிடுகிறது.

அந்த வீட்டில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று பாட்டி வைத்திருக்கும் முப்பது நாள். மற்றது தேசியப் பதிவிலாகா வைத்திருக்கும் அறுபது நாள். முதல் கணக்கை யாரும் மறப்பதில்லை.

பாட்டியின் முப்பது நாள்

பிள்ளை பெற்றவளும் பிள்ளையும் வாசல் தாண்டாத நாட்கள் அவை. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், கொத்தமல்லி காப்பி, நாட்டுக்கோழி, பால்சுறாப் புட்டு என்று பத்தியச் சமையல் தனி அடுப்பில் நடக்கும். மழைக் குளிரில் தலைக்குக் குளித்த பிறகு காதில் பஞ்சு வைக்கவில்லை என்றால் மாமியாரும் அம்மாவும் சேர்ந்தே திட்டுவார்கள். மற்ற விஷயங்களில் இருவருக்கும் ஒத்துப்போகாது. குழந்தையை எத்தனை மணிக்குக் குளிப்பாட்டுவது என்பதிலேயே தகராறு தொடங்கும்.

குளிப்பாட்டுவது ஒரு கலை, சந்தேகமில்லை. பாட்டி கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கெண்டைக்காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகாலை நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, வெந்நீரை ஒரு கையால் விளாவி ஊற்றும்போது இளம் தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். குளித்த குழந்தை இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே பாட்டியிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஆனால் சில இடங்களில் எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். தலை துவட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் மழைக்காலத்தில் கூடுகிறது. சன்னலையும் சாத்திவிடுவதால் புகை வீட்டுக்குள்ளேயே நிற்கும். பிறந்த குழந்தையின் நுரையீரல் அதைத் தாங்காது. சாமி அறையில் காட்டிவிட்டு, புகை போனபிறகு குழந்தையைக் கொண்டுவரலாம். நாக்கில் தேன் தொட்டு வைப்பது இன்னொன்று. ஒரு வயது ஆகும் முன் தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம், அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதுதான். நமக்கு ஒன்றும் செய்யாத தேன் அந்தச் சின்ன வயிற்றில் வேறு வேலை செய்யும். வசம்பும் அப்படித்தான். பிள்ளை வளர்ப்பான் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம். இருந்தாலும் சுட்டு உரசி ஊட்ட வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை.

மழைக்காலத்துக்கே உரிய ஒரு ஆபத்து அலமாரிக்குள் இருக்கிறது. முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் அக்காள் பிள்ளையின் பழைய சட்டைகள் வந்து சேரும். பூஞ்சை பிடிக்காமலும் கரப்பான் அண்டாமலும் இருக்க அவற்றோடு அந்துருண்டை போட்டு வைத்திருப்பார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள் கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்கிறார்கள். இது இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி. அது குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் வாசமே போதும், சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம் காணப்படுகிறது. சோதனை முடிவு குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். முடிவு எப்படி இருந்தாலும், அந்துருண்டையோடு கிடந்த துணியைத் துவைக்காமல் போடாதிருப்பதே நல்லது. சரியாகச் சொன்னால், பிள்ளை உள்ள வீட்டில் அந்துருண்டையே வேண்டாம்.

காமாலை என்றதும் பாட்டிமார்களுக்கு இந்த மாதங்களில் ஒரு கவலை வரும்: “வெயிலே காணோமே, மஞ்சள் எப்படி இறங்கும்?” காலை வெயிலில் காட்டினால் இறங்கிவிடும் என்று தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம். சுகாதார அமைச்சு அதைச் சிகிச்சையாக ஏற்பதில்லை. வெயிலில் வெறும் உடம்போடு கிடத்தினால் குழந்தையின் நீர்ச்சத்து குறையும், தோலும் காயும். அடிக்கடி பால் கொடுப்பதும், கிளினிக்கில் அளவைச் சோதிப்பதும்தான் வழி. அளவு கூடியிருந்தால் மருத்துவமனையில் நீல ஒளிவிளக்கின் கீழ் வைப்பார்கள். கவனிக்காமல் விட்ட காமாலை மூளையைத் தாக்கக்கூடியது. ஆகவே மழை பெய்கிறது, வீட்டைத் தேடி வரும் மிஸ்ஸி நாளைக்குப் பார்த்துக்கொள்வார் என்று தள்ளிப்போடக் கூடாது. பிறந்த முதல் பத்து நாளில் தாதியர் பலமுறை வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்ப்பது இந்த நாட்டின் நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. அதற்கு அவர்களிடம் இருக்க வேண்டியது சரியான முகவரி. பிரசவத்துக்குத் தாய் வீடு போனவர்கள், தோட்டத்து வீட்டு எண் மாறியவர்கள், கிளினிக்கில் சொல்லாமல் விட்டுவிட்டால் மிஸ்ஸி பூட்டிய வீட்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவார்.

கொசுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிங்கிக் காய்ச்சலில் எப்போதும் முன்னால் நிற்பது சிலாங்கூர்தான். மழை விட்ட மறுநாள் பூச்சட்டி, வாளி, பழைய டயரைக் கவிழ்த்துவிட்டு வந்து, பிறகு தொட்டிலுக்கு வலை போடலாம்.

ஆயாக் கொட்டகையிலிருந்து 98 நாள் வரை

இன்று ஹாலில் தொங்கும் சாரோங் தொட்டில் ஒரு காலத்தில் வரிசையாகத் தொங்கியது. நாட்டில் முதன்முதலாக வணிகப் பயிராகச் செம்பனை நடப்பட்ட தென்னமாரம் தோட்டம் இந்தக் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நட்ட ஆண்டு 1917. அதற்கு முன்னும் பின்னும் இந்த வட்டாரத்தை ஆண்டது பால்மரம். பால்மரம் வெட்ட விடியுமுன் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். தாய்மார்கள் கைக்குழந்தையைத் துணியில் சுற்றி, போத்தலோடு ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டில் நிரைக்குப் போனார்கள். உத்தரத்தில் கட்டிய துணித் தொட்டில்களை ஒன்றிரண்டு ஆயாக்கள் மாற்றி மாற்றி ஆட்டினார்கள். மழை பெய்து வெட்டு நின்றுபோன நாளில் மட்டும் தாய் வீட்டில் இருப்பாள், பிள்ளைக்கு அது பண்டிகை. கூலி இல்லாத பண்டிகை. இன்று குளிப்பாட்டும் பாட்டிகளில் பலர் அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர்கள். தங்கள் பிள்ளையின் முதல் மாதங்களை அவர்கள் முழுதாகப் பார்த்ததில்லை. பேரப்பிள்ளையைக் கீழே இறக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது இந்தத் தோட்டங்களில் காயறுப்போர் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் இளையோர் தோட்டத்து வீட்டிலோ அருகிலுள்ள தாமானிலோ குடியிருந்துகொண்டு ரவாங், சுங்கை பூலோ, ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு மோட்டார்சைக்கிளில் போய் வருகிறார்கள். சட்டமும் மாறியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்தது. 60 நாளாக இருந்த மகப்பேறு விடுமுறை 98 நாள் ஆனது. தனியார் துறையில் வேலை செய்யும் தகப்பனுக்கு முதல் முறையாகச் சம்பளத்தோடு தொடர்ந்து 7 நாள் விடுமுறை கிடைத்தது.

அந்த 7 நாளைப் பலர் கேட்பதே இல்லை. கேட்டால் மண்டோர் முகம் கோணும் என்ற தயக்கம் ஒன்று, விவரம் தெரியாதது இன்னொன்று. நிபந்தனைகள் மூன்றுதான் முக்கியம். அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவம் எதிர்பார்க்கும் நாளுக்கு 30 நாள் முன்பாகவாவது தெரிவிக்க வேண்டும், முடியாவிட்டால் குழந்தை பிறந்ததும் கூடிய விரைவில். மூன்றாவது, அவர் மணமானவராக இருக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இந்த உரிமை உண்டு. மறுக்கப்பட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்துவதையும் அதே திருத்தம் தடுக்கிறது.

மூன்றாவது நிபந்தனையைப் படித்துவிட்டு, “எங்களுக்குக் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியாயிற்று” என்பவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பதிவிலாகாவின் அறுபது நாள்

1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் சடங்குப்படி நடந்த இந்துத் திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பின் பதிவு செய்தால்தான் திருமணம். தாலியும் மாலையும் ஐந்நூறு பேர் சாட்சியும் போதாது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், முதலில் கோயிலில் முடிப்போம், பதிவைப் பிறகு பார்ப்போம் என்று விடும் குடும்பங்கள் தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பிறகு வருவதற்குள் குழந்தை வந்துவிடுகிறது.

அப்போது என்ன ஆகும்? பெற்றோர் இருவரும் குடியுரிமை உள்ளவர்கள் என்றால் குழந்தையின் குடியுரிமைக்கு ஆபத்தில்லை. ஆனால் தகப்பன் பெயர் பிறப்புப் பத்திரத்தில் தானாக ஏறாது. தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் எழுதுவார்கள். தாய்க்குக் குடியுரிமை இல்லை, தகப்பன் மலேசியர், திருமணம் பதிவாகவில்லை என்றால் கதை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணைப்படி, சட்டப்படி மணமாகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை கணக்கில் வராது, தாயின் நிலைதான் பிள்ளையின் நிலை. சிவப்பு அடையாள அட்டையோடும், சில வேளை எந்த அட்டையுமே இல்லாமலும் வளர்ந்த பெண்கள் தோட்டங்களில் உண்டு. அவர்கள் பட்ட பாடு பிள்ளைக்கும் போகக்கூடாது என்றால், நிரந்தரவாசியோ ஆவணமற்றவரோ ஆன பெண்ணை மணக்கும் மலேசியர் குழந்தை பிறப்பதற்கு முன்பே திருமணத்தைப் பதிய வேண்டும். பிறந்தபின் பதிந்தால் குழந்தை முறைப்படியான வாரிசாகலாம். ஆனால் குடியுரிமைக்குப் பிறந்த நேரத்து நிலையைத்தான் பதிவிலாகா பார்க்கிறது, பல குடும்பங்கள் நீதிமன்றம் வரை போனதற்கு அதுவே காரணம்.

இப்போது அறுபது நாளுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் பிறக்கும் குழந்தையை 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். மருத்துவமனை தரும் பிறப்பு உறுதிப்பத்திரம், தாயின் கர்ப்பகாலக் கிளினிக் அட்டை, பெற்றோரின் அடையாள அட்டைகள், திருமணப் பத்திரம் இவற்றோடு போனால், பிறப்புப் பத்திரமும் மைகிட் அட்டையும் கிடைத்துவிடும். 60 நாள் கடந்தால் அது தாமதப் பதிவு. கட்டணம், கூடுதல் ஆவணம், விசாரணை, மறுபடி மறுபடி நடை.

எளிய வேலைதானே, எப்படித் தவறுகிறது? பெரும்பாலும் பாட்டியின் முப்பது நாள்தான் காரணம். முப்பதாம் நாள் வீட்டைக் கழுவி, சாமி கும்பிட்டு, குழந்தையைத் தொட்டிலில் இட்டுக் காதில் பெயர் சொல்லுவார்கள். சில குடும்பங்களில் பதினாறாம் நாளிலேயே முடிந்துவிடும். அதுவரை பெயர் முடிவாகாது. ஜோசியர் எழுத்துக் கொடுக்க வேண்டும், எண் கணிதம் பார்க்க வேண்டும், ஒரு எச் சேர்ப்பதா இரண்டு ஏ போடுவதா என்று இரண்டு பக்கத்து மாமாக்களும் வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் பேச வேண்டும். பெயர் இல்லாமல் பதிவிலாகாவுக்குப் போக மனம் வருவதில்லை. முப்பது நாள் அப்படிப் போய்விடுகிறது. பிறகு தீபாவளி. பிறகு தகப்பனுக்கு விடுமுறை கிடைக்காத வாரம். மழையில் கைக்குழந்தையோடு போக முடியாது என்று இன்னொரு வாரம். கடைசியில் திருமணப் பத்திரம் இல்லையே, முதலில் அதை எடுத்துவிட்டு வருவோம் என்று தகப்பன் திரும்பி வந்தால் அறுபதைத் தாண்டிவிடும். திருமணப் பதிவு ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. அது முடியட்டும் என்று பிறப்புப் பதிவை நிறுத்தி வைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. பிறப்பை 60 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், எந்தப் பத்திரம் இல்லாவிட்டாலும் முகப்பிடத்துக்குப் போய்க் கேட்பது வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

இதன் விலை உடனே தெரியாது. ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்க்கப் போகும்போது தெரியும். பன்னிரண்டு வயதில் மைகாட் எடுக்கப் போகும்போது இன்னும் நன்றாகத் தெரியும். அரசாங்க மருத்துவமனையில் குடியுரிமை இல்லாதவருக்கான கட்டணத்தைப் பார்க்கும் இரவில் மிக நன்றாகத் தெரியும். இந்தியர்களிடையே ஆவணமில்லாதோரைப் பதிய 2011-இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தையே அரசாங்கம் நாடு முழுவதும் நடத்த வேண்டி வந்தது. டிரா மலேசியா போன்ற அமைப்புகள் இன்றும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அவர்களிடம் வரும் கோப்புகளில் பல, எப்போதோ ஒரு வீட்டில் யாரோ அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்த நாளில் தொடங்கியவை.

நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் தடுப்பூசிக் கணக்கு எழுதியிருக்கும். பிறந்தவுடன் பிசிஜியும் ஹெபடைடிஸ் பி ஊசியும் போட்டுவிடுவார்கள். அதற்கடுத்து இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் என ஆறு நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி. நான்கிலும் ஆறிலும் நிமோகோக்கல். ஒன்பதிலும் பன்னிரண்டிலும் தட்டம்மை உள்ளிட்ட மூன்றுக்கான எம்எம்ஆர். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குழந்தைகளுக்கு எல்லாம் இலவசம். இரண்டாம் மாத ஊசி நாளும் அறுபதாம் நாளும் ஏறக்குறைய ஒன்றாக வரும். ஊசி நாளை மிஸ்ஸி பேனாவால் எழுதித் தந்திருப்பார், அதை வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். அந்த நாளுக்கு முந்திய வாரத்துக்குள் பிறப்புப் பத்திரம் கையில் இருக்க வேண்டும் என்று அதே பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, பத்திரங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, தகப்பன் ஒருவரே போய் வரலாம். திருமணம் பதியாதவர்கள் தகப்பன் பெயரைச் சேர்க்கத்தான் இருவரும் போக வேண்டும். அன்று பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று இரவு உடம்பு கொஞ்சம் சுடும், குழந்தை சிணுங்கும். பாரசிட்டமால் எவ்வளவு கொடுப்பது என்று கிளினிக்கிலேயே கேட்டு வந்திருக்க வேண்டும். தொட்டிலில் போட்டால் அழும், தோளில் போட்டால் அடங்கும். தாய் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள். தகரக் கூரையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். ஹாலில் காய்ந்தும் காயாமலும் தொங்கும் துணிகளுக்கு நடுவே, மறுநாள் ஏழு மணிக்கு ரவாங்கில் இருக்க வேண்டிய ஒருவர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார்.